பானைக்குள்ளே பனிக்காலம்

ராத்திரி பத்தரை மணிக்குத் தெருவில் மணிச்சத்தம் கேட்டால், மேன்ஷன்வாசிகள் பாதிப் பேர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்குவார்கள். சிவப்புத் துணி சுற்றிய பானை. குல்ஃபி! நாலே வாய். பர்ஸ் இளைத்துவிடும். மாசக் கடைசியில் இது நமக்குக் கட்டுப்படியாகுமா சார்?

என் மச்சினனுக்கு ஊர் மார்க்கையன்கோட்டை. சின்னமனூர் பக்கம். முல்லைப் பெரியாறு பாயும் வயல், கறந்த சூட்டோடு பால், மேற்கே நிமிர்ந்தால் மலை. மலைக்கு மேலே ஏலத்தோட்டம். விடியக்காலையில் பெண்கள் ஜீப்பில் அடைந்துகொண்டு மலையேறிப் பறித்துவரும் காய், போடியில் ஏலத்துக்கு வருகிறது. (ஏலக்காய் ஏலம்... சிலேடை என்னுடையதல்ல, தமிழுடையது.)

"ஏலக்காயில மட்டும் ஏமாந்துராதீக மச்சான்" என்பான் அவன். பச்சைப் பசேலென்று குண்டாக இருக்கும் காய்க்குத்தான் விலை. வாசனையோ உள்ளே இருக்கும் கறுப்பு அரிசியில். பொடிக்காய், வாய் வெடித்த காய் என்று மலிவாகக் கிடைப்பதை வாங்குங்கள். அரிசி கறுத்து, பிசுபிசுவென்று ஒட்டினால் சரக்கு நல்லது. பொடியாக விற்பதை மட்டும் தொடாதீர்கள். வாசனை பாதி பறந்த பிறகுதான் அது பாக்கெட்டுக்குள் போகிறது.

கொழுப்பு எடுக்காத பால் ஒரு லிட்டர். அடி கனத்த பாத்திரம், சின்னத் தீ. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். அதை விரட்டாவிட்டால் பல்லில் நறநறவென்று ஐஸ் கடிபடும். ஓரத்தில் படியும் ஆடையைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே தள்ளி, 400 மில்லி ஆகும்வரை கிண்டணும். ஒரு மணி நேரம் ஆகும். கிரிக்கெட் ஓடுகிற அன்றைக்கு ஆரம்பிக்க வேண்டாம்! சர்க்கரை 80 கிராம். சூட்டில் ருசி பார்த்தால் திகட்டலாம். குளிரில் நாக்கு மந்தமாகிவிடும், சரியாக இருக்கும். அடுப்பை அணைத்த பிறகு ஆறு ஏலக்காய் அரிசியைத் தட்டிப் போட்டு, சிட்டிகை சுக்கு, அதிலும் பாதி மிளகுத்தூள். தொண்டையில் குளிரும் காரமும் அடுத்தடுத்து இறங்கும் பாருங்கள்...

ஃப்ரீசர் இருந்தால் டம்ளரில் ஊற்றி மூடி எட்டு மணி நேரம் மறந்துவிடலாம். இல்லாதவர்களுக்குத்தான் பானை. அக்பர் காலத்தில் வெடியுப்பு கரைத்துத் தண்ணீரைக் குளிர வைத்ததாக அபுல் ஃபசல் எழுதிவைத்திருக்கிறார். நமக்குக் கல் உப்பே போதும். உடைத்த ஐஸ் மூன்று பங்கு, உப்பு ஒரு பங்கு. உப்பு ஐஸை உருகச் சொல்லும். உருகுவதற்கான சூட்டை ஐஸ் சுற்றுமுற்றும் பிடுங்கும். நன்றாகக் கலந்தால் சைபருக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கும். பாவம் பால், உறையாமல் என்ன செய்யும்?

பால் ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும். மூடியைச் சுற்றி, குல்ஃபிக்காரர்கள் செய்கிற மாதிரி, கோதுமை மாவைப் பிசைந்து அப்பிவிடுங்கள். கடையில் வாங்கும் ஐஸ் எந்தத் தண்ணீரோ, துளிகூட உள்ளே போகக்கூடாது. அந்த ஐஸை வெறும் கையால் கிளறவும் வேண்டாம், விரல் விறைத்துவிடும். ஐஸ் உருக உருக வடித்துவிட்டுப் புதுசு போட்டால் ரெண்டு மூணு மணி நேரத்தில் கல்லாகிவிடும். டம்ளரை வெளியே நன்றாகக் கழுவி, ஒரு நிமிஷம் குழாய்த் தண்ணீரில் பிடித்துக் கவிழ்த்தால், வழுக்கிக்கொண்டு வரும்.

வடித்த உப்புத் தண்ணீரை மட்டும் மாடி ரோஜாத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். வீட்டுக்கார அம்மா அட்வான்ஸில் கழித்துவிடுவார்.