தக்காளி ஊதா நிறத்தில் வந்தால் வாங்குவீங்களா? சத்துக்காக மரபணு மாற்றிய காய்கறிகளும் தீராத சந்தேகங்களும்

வெட்டினால் உள்ளே சிவப்பே இல்லை. தோல், சதை, சாறு எல்லாமே நாவல்பழம் மாதிரி அடர் ஊதா. ஆனால் அது தக்காளிதான். 2024 பிப்ரவரியில் இருந்து அமெரிக்காவில் வீட்டுத் தோட்டம் போடுபவர்களுக்கு இதன் விதை ஆன்லைனில் விற்பனைக்கு வந்தது. 10 விதை 20 டாலர்.

மரபணு மாற்றிய பயிர் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது பிடி பருத்தியும் பிடி கத்தரிக்காயும்தான். பூச்சி தாங்கும் என்று விவசாயிகளை நோக்கிப் பேசப்பட்டவை அவை. இந்தத் தக்காளி அப்படி இல்லை. "இதில் சத்து அதிகம்" என்று சாப்பிடுகிற நம்மிடமே நேரடியாகப் பேசுகிறது. அப்போ நாம கேட்க வேண்டிய கேள்விகளும் மாறுது இல்லையா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஊதா தக்காளி எப்படி உருவானது?

இங்கிலாந்தின் நார்விச் நகரில் உள்ள ஜான் இன்ஸ் ஆய்வு மையத்தில் விஞ்ஞானி கேத்தி மார்ட்டின் குழுவினர் உருவாக்கியது இது. நாவல்பழம், கத்தரிக்காய்த் தோல் போன்றவற்றுக்கு ஊதா நிறம் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. இதைத் தயாரிக்கும் வசதி தக்காளிச் செடியிடமும் உண்டு. ஆனால் பழத்தின் சதைக்குள் அந்த வேலை நடக்காது. ஸ்நாப்டிராகன் என்ற பூச்செடியில் இருந்து இரண்டு மரபணுக்களை எடுத்துத் தக்காளியில் சேர்த்தார்கள். அவை சுவிட்ச் போட்ட மாதிரி வேலை செய்து, பழம் முழுக்க ஊதாவாகிவிட்டது. சாதாரண தக்காளியை விட இது கெடாமல் இருக்கும் நாட்களும் அதிகம்.

சத்து அதிகம் சரி, உடம்புக்கு நல்லது என்று நிரூபணம் ஆச்சா?

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்கணும். 2008-ல் வெளியான ஆய்வில், புற்றுநோய் வரும்படி வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்கு இந்தத் தக்காளிப் பொடியை உணவில் கலந்து கொடுத்தார்கள். சராசரியாக 142 நாட்கள் வாழ்ந்த எலிகள், இதைச் சாப்பிட்ட பிறகு 182 நாட்கள் வாழ்ந்தன. நல்ல முடிவுதான். ஆனால் அது குறைந்த எண்ணிக்கையிலான எலிகளிடம் நடந்த சோதனை. எலிக்குக் கிடைத்த பலன் மனிதனுக்கும் அப்படியே கிடைக்கும் என்று எந்த விஞ்ஞானியும் உத்தரவாதம் தரமாட்டார். "ஆந்தோசயனின் அதிகம்" என்பது ஆய்வகத்தில் அளந்த உண்மை. "அதனால் புற்றுநோய் வராது" என்பது வாட்ஸ்அப்பில் சேர்ந்துகொள்ளும் வால். இரண்டையும் குழப்பிக்கக் கூடாது.

பாதுகாப்பை யார் பார்த்தது?

2022 செப்டம்பரில் அமெரிக்க வேளாண் துறை, இந்தச் செடியால் மற்ற பயிர்களுக்குப் பூச்சி, நோய் ஆபத்து கூட வாய்ப்பில்லை என்றது. 2023-ல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் "எங்களுக்கு மேலும் கேள்விகள் இல்லை" என்று தெரிவித்தது. இந்த வாசகத்தைக் கவனியுங்கள். நிறுவனம் கொடுத்த தரவுகளைப் பார்த்துவிட்டு அரசு சொல்லும் பதில் இது. அரசே தனியாகச் சோதனை நடத்தி வழங்கும் சான்றிதழ் அல்ல. விமர்சகர்கள் கை வைப்பது இந்த இடத்தில்தான்.

இன்னொரு பக்கமும் சொல்லணும். இப்போது சர்வதேசச் சந்தையில் உள்ள மரபணு மாற்றிய உணவுகள் பாதுகாப்பு மதிப்பீட்டைத் தாண்டி வந்தவை, அவற்றால் உடல்நலத்துக்கு ஆபத்து வர வாய்ப்பு குறைவு என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆனால் எல்லாவற்றையும் மொத்தமாக நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்றும் அதே அமைப்பு சொல்கிறது.

தனித்தனியா ஏன் சோதிக்கணும்?

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கு. 1990-களில் சோயாவில் புரதத்தின் தரத்தைக் கூட்டுவதற்காக பிரேசில் நட் என்ற கொட்டையின் மரபணுவைச் சேர்த்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தக் கொட்டை ஒவ்வாதவர்களின் ரத்தத்தில் சோதித்தபோது, சோயாவுக்கும் அதே ஒவ்வாமை அறிகுறி தெரிந்தது. 1996-ல் முடிவுகள் வெளியாகின. அந்தச் சோயா சந்தைக்கே வரவில்லை.

இந்த ஒரே சம்பவத்தை இரண்டு தரப்பும் மேற்கோள் காட்டுகிறார்கள். "பார்த்தீங்களா, ஆபத்து இருக்கு" என்கிறது ஒரு தரப்பு. "பார்த்தீங்களா, சோதனை வேலை செய்யுது" என்கிறது இன்னொரு தரப்பு. உண்மையில் இரண்டுமே சரி. சோதனை நடந்ததால்தான் ஆபத்து வெளியே தெரிந்தது. சோதனையே வேண்டாம் என்று விதியைத் தளர்த்தினால் என்ன ஆகும்?

ஜப்பானில் என்ன நடந்தது?

அந்தக் கேள்வி அங்கே எழுந்தது. 2021 செப்டம்பரில் 'காபா' என்ற பொருள் அதிகமுள்ள தக்காளி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க உதவும் என்று பேசப்படுவது இந்தப் பொருள். இதில் வேறு உயிரினத்தின் மரபணு எதையும் சேர்க்கவில்லை. கிரிஸ்பர் தொழில்நுட்பத்தால் தக்காளியின் சொந்த மரபணுவிலேயே ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். அதனால் மரபணு மாற்றிய உணவுக்கான முழுப் பரிசோதனை தேவைப்படவில்லை. அரசுக்குத் தகவல் கொடுத்தால் போதும் என்ற விதி பொருந்தியது. லேபிள் ஒட்டுவதும் கட்டாயமில்லை. நிறுவனம் தானாக முன்வந்து ஒட்டியது. ஒட்டாமல் விட்டிருந்தால் வாங்குபவருக்குத் தெரிந்திருக்காது.

இந்தியாவில் நிலைமை என்ன?

இங்கே வணிக ரீதியாகப் பயிரிட அனுமதி உள்ள ஒரே மரபணு மாற்றிய பயிர் பிடி பருத்தி. 2002-ல் வந்தது. பிடி கத்தரிக்காய்க்கு 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் தடை போட்டார். அந்த ஆராய்ச்சியில் கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் பங்கேற்றிருந்தது. மரபணு மாற்றிய கடுகு வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பு கொடுத்தார்கள். ஆனால் இதற்கென ஒரு தேசியக் கொள்கை வேண்டும் என்பதில் இருவருமே ஒத்துப்போனார்கள்.

இதற்கு நடுவில், 2022 மார்ச்சில் மத்திய அரசு ஒரு முக்கியமான முடிவை எடுத்தது. வெளி மரபணு சேர்க்காமல் திருத்தம் மட்டும் செய்த பயிர்களுக்கு, மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடுமையான விதிகளில் இருந்து விலக்கு. அதாவது, ஜப்பான் தக்காளி போன்ற ஒன்று இங்கே உருவானால் அதன் பாதை சுலபம்.

லேபிளைப் பார்த்து வாங்கிக்கலாமே?

பாக்கெட்டில் மரபணு மாற்றிய உணவு இருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று 2013-ல் இருந்தே இந்தியாவில் விதி இருக்கு. ஆனால் சந்தையில் கூறு கட்டி விற்கிற தக்காளிக்குப் பாக்கெட் ஏது? லேபிளை எங்கே ஒட்டுவது? காய்கறி விஷயத்தில் இதுதான் பெரிய ஓட்டை. விதை விற்கும் இடத்திலேயே கண்காணிப்பு இல்லை என்றால், தட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம். 2019-ல் ஹரியானாவில் ஒரு வயலில் அனுமதியில்லாத பிடி கத்தரிக்காய் விளைந்தது தெரியவந்தபோது நாடே அதிர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

மாடித்தோட்டக்காரர்கள் இதைக் கவனிக்கணும். ஊதா தக்காளி விதையை வெளிநாட்டில் இருந்து வரவழைப்பது சும்மா ஒரு ஆன்லைன் ஆர்டர் அல்ல. மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி இல்லாமல் இந்த வகை விதைகளை இறக்குமதி செய்யவும் வளர்க்கவும் இந்திய விதிகளில் இடமில்லை.

சத்துக்குறைவுக்கு இதுதான் தீர்வா?

ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. சத்துக்குறைவு நிஜமான பிரச்சினைதான். ஆனால் 10 விதை 20 டாலர் என்று விற்கிற தக்காளி யார் வீட்டுக்குப் போகும்? ஏற்கெனவே நல்லா சாப்பிடுகிறவர் வீட்டுக்குத்தான். ஏழைக் குழந்தைகளின் வைட்டமின் ஏ குறைபாட்டைப் போக்கத்தான் தங்க அரிசியை உருவாக்கினார்கள். 2000-ல் அறிவிக்கப்பட்ட அதற்கு பிலிப்பைன்ஸில் 2021-ல்தான் பயிரிட அனுமதி கிடைத்தது. 2024-ல் நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. எதிர்ப்பால்தான் இவ்வளவு தாமதம், அதனால் குழந்தைகள் பார்வை இழந்தார்கள் என்று விஞ்ஞானிகள் கோபப்படுகிறார்கள். கீரையும் முட்டையும் கிடைக்க வழி செய்தால் போதுமே என்கிறார்கள் எதிர்ப்பவர்கள்.

இந்தச் சண்டையில் யார் பக்கம் நிற்பது என்பது உங்கள் முடிவு. ஆனால் "அதிகச் சத்து" என்ற வார்த்தையோடு ஒரு காய் உங்கள் ஊர் சந்தைக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்க. இந்தச் சத்தின் பலனை மனிதர்களிடம் சோதித்தார்களா? பாதுகாப்பைச் சோதித்தது விற்பவரா, வேறு யாராவதா? வேண்டாம் என்று நினைத்தால் அதை அடையாளம் கண்டு ஒதுக்க எனக்கு வழி இருக்கா? மூன்றாவது கேள்விக்கு இன்றைய காய்கறிக் கடையில் பதில் இல்லை. அதற்கு விஞ்ஞானிகள் பதில் சொல்ல முடியாது, அரசுதான் சொல்லணும்.