பாட்டு வந்தால் எழுந்து போகிறவர்களுக்கு

எங்கள் வகுப்பில் ஒரு கோஷ்டி இருக்கிறது. தமிழ்ப் படத்தில் பாட்டு ஆரம்பித்தால் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். "எவனாவது காதலிக்கும்போது பாடுவானா? லாஜிக் வேண்டாமா?" என்பார்கள். உண்மையைச் சொன்னால், போன மாதம் வரை நானும் அந்தக் கோஷ்டிதான்.

அடையாரில் ஒரு நண்பன் வீட்டில் இதே கோஷ்டியோடு 'செர்பூர்க்கின் குடைகள்' என்ற பிரெஞ்சுப் படம் பார்த்தேன். ஜாக் தெமி இயக்கி, 1964-ல் கான் விழாவில் முதல் பரிசு வாங்கிய படம். இசை மிஷேல் லெக்ராந்த். இதில் ஒரு வசனம்கூடப் பேச்சாக இல்லை, எல்லாமே பாட்டு! ஒரு மெக்கானிக் தனக்கு ஓபரா பிடிக்காது என்பதைக்கூடப் பாடித்தான் சொல்கிறான் :-)

படம் முடிந்ததும் கோஷ்டி சொன்னது: "மாஸ்டர்பீஸ் மச்சி!" லாஜிக் எங்கே என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

இன்னொன்று. கதாநாயகி காதரின் தெனவ் சொந்தக் குரலில் பாடவில்லை. அவருக்குப் பாடியவர் தானியேல் லிக்காரி. முதலில் பாட்டைப் பதிவு செய்து, பிறகு வாயசைத்துப் படம் பிடித்தார்கள். கோடம்பாக்கம் செய்வதும் இதைத்தானே? 1934-ல் வந்த 'பவளக்கொடி'யில் சுமார் 50 பாட்டு. எழுதியவர், மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி பஜனை பாடிய பாபநாசம் சிவன். அதைச் சொன்னால் சிரிக்கிறோம். பிரெஞ்சுக்காரன் செய்தால் கலை!

எல்லாப் பாட்டையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. பாட்டே இல்லாமல் எஸ்.பாலசந்தர் 1954-ல் எடுத்த 'அந்த நாள்' அருமையான படம். தி.நகரில் நடக்கும் கதை பாட்டுக்கு மட்டும் சுவிட்சர்லாந்து ஓடினால் தாராளமாக எழுந்து போங்கள், நானும் வருகிறேன். ஆனால் குற்றம் பாட்டின் மேல் இல்லை. அதற்கு என்ன வேலை கொடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

தெமி கொடுத்த வேலையைப் பாருங்கள். (முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடவும்.) காதலன் அல்ஜீரியப் போருக்குப் போகிறான். கர்ப்பமாக இருக்கும் அவள் வேறொருவரை மணக்கிறாள். வருஷங்கள் கழித்து, பனி கொட்டும் ஓர் இரவில், அவனுடைய பெட்ரோல் பங்கில் இருவரும் சந்திக்கிறார்கள். வெளியே காரில் அவர்களுடைய மகள். கொட்டித் தீர்க்க ஆயிரம் இருக்கிறது. பாடுவதோ எந்த பெட்ரோல் போட வேண்டும் என்பது மாதிரி சாதாரண வார்த்தைகள். சொல்லாததை எல்லாம் இசை சொல்லிவிடுகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த தமிழ்ப் படத்தில் பாட்டு வந்தால் ஒரு நிமிஷம் உட்காருங்கள். பிடிக்கவில்லையென்றால் டீ என் கணக்கு.