செலவும் சிக்கனமும்: காரில் நல்ல ஒலி

சென்ற திங்கள் இப்பகுதியில் குளிர்காலத்து மின்கட்டணத்தைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர் ஒருவர் மயூர் விஹாரிலிருந்து நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். "வீட்டுக்குள்ளே மிச்சம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தீர்கள் ஐயா. வாசலில் நிற்கும் காரைப் பற்றியும் ஏதேனும் சொல்லக் கூடாதா?" என்றார்.

காரைப் பற்றி என்றால் பெட்ரோல் கணக்குத்தான் என்று நினைத்தோம். அதுவன்று. அவருடைய கார் பத்தாண்டு பழகிய சிறு வண்டி. ஞாயிறுதோறும் தாயாரையும் மனைவி மக்களையும் ஏற்றிக்கொண்டு ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குச் சென்று வருவது வழக்கம். போக ஒரு மணி, வர ஒரு மணி. வாரம் முழுவதும் பள்ளியிலும் தெருவிலும் இந்தியிலேயே பேசும் குழந்தைகள், பாட்டியோடு சேர்ந்து தமிழ் கேட்பது அந்த இரண்டு மணி நேரந்தான். பழைய திரைப்பாட்டு, ஒரு சொற்பொழிவு, இடையே பாட்டியின் விளக்கம் என்று பொழுது போய்க்கொண்டிருந்தது. சில மாதங்களாகக் கார் ஸ்டீரியோ கரகரவென்று இரைகிறது. சொற்பொழிவில் சொல்லே விளங்கவில்லை. பாட்டி, "அணைத்துவிடப்பா" என்று சொல்லிவிட்டாராம். அன்று முதல் குழந்தைகள் ஆளுக்கொரு கைப்பேசியை எடுத்துக்கொண்டார்கள்.

அன்பர் ஒரு கடையில் விசாரித்திருக்கிறார். தொடுதிரைப் பெட்டி, நான்கு ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயர், பின்புறம் பன்னிரண்டு அங்குல சப்-ஊபர் எல்லாம் சேர்த்து ரூ. 34,500 என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்களாம். பதினைந்து வயது மகனுக்கு அந்தச் சீட்டைப் பார்த்ததும் பேரானந்தம். ஆனால் அன்பரின் கையில் இருந்த ரூ. 40,000, கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குப் போய்வர எடுத்து வைத்திருந்த பணம். "பாட்டு கேட்கவா, ஊருக்குப் போகவா என்று ஆகிவிட்டது ஐயா" என்றார். சீட்டை ஒரு வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருக்குமாறு கேட்டுக்கொண்டு, அடுத்த ஞாயிறு காலை நாமே நேரிற் சென்றோம்.

எதையும் வாங்குமுன் பழுது எங்கே என்று காதால் தேடுவது முதல் வேலை. இதற்குக் காசு வேண்டுவதில்லை. ஸ்டீரியோவில் முன்பின்னாகவும் இடம் வலமாகவும் ஒலியை நகர்த்தும் அமைப்பு உண்டு. பெட்டியில் 'பேடர்', 'பாலன்ஸ்' என்று காணலாம். அவற்றைத் திருப்பி, ஒரு சமயத்தில் ஒரு மூலை மட்டும் பாடுமாறு செய்து கேட்டோம். இடக்கதவு ஒழுங்காகப் பாடிற்று. வலக்கதவோ உடன் சேர்ந்து தாளம் போட்டது. கதவுப் பையினுள் கைவிட்டால் ஒரு பத்து ரூபாய் நாணயம், பேனா மூடி ஒன்று, மாத்திரை அட்டை ஒன்று! எடுத்ததும் இரைச்சலிற் பாதி அடங்கிவிட்டது. நாணயத்தை வீட்டுச் சிறுமி தனக்குரியதென்று எடுத்துக்கொண்டாள்.

மிச்சப் பாதிக்கு இரண்டு காரணம். ஒன்று, பாட்டின் மூலம். குழுக்களில் கைமாறிக் கைமாறி வந்த பாட்டுக் கோப்புகள் பல மிகச் சுருக்கப்பட்டவை. அளவு குறையவேண்டி ஒலியின் நுண்மையை வெட்டியெறிந்த கோப்பை எத்துணை உயர்ந்த ஸ்பீக்கரில் இட்டாலும் போனது திரும்பி வாராது. நொடிக்கு 320 கிலோபிட் அளவில் உள்ள கோப்புக்கும் 64 கிலோபிட் கோப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தையும் சொல்லிவிடும். அன்றியும் மகன் 'பாஸ்' எனப்படும் அடியோசையை உச்சத்தில் ஏற்றி வைத்திருந்தான். கைப்பேசியின் ஒலியோ பாதியளவிற் கிடந்தது. அதற்கு நேர்மாறாகச் செய்தோம்: கைப்பேசியை உச்சத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, பாஸைச் சுழியில் வைத்து, தேவையான உரப்பைக் கார்ப்பெட்டியிற் கூட்டினோம். சொல் ஓரளவு தெளிந்தது.

இரண்டாவது காரணத்துக்குத்தான் பணம் வேண்டியிருந்தது. வலக்கதவு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு விளிம்பிற் கிழிந்திருந்தது. சிறு கார்களில் தொழிற்சாலையிலிருந்தே வரும் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் மெல்லிய கூம்பும் சிறு காந்தமும் உடையவை. டில்லி வெயிலையும் புழுதியையும் பத்தாண்டு தாங்கியதே பெரிது.

இங்கே அந்த ரூ. 34,500 சீட்டைப் பிரித்துப் பார்ப்போம். தொடுதிரைப் பெட்டி ஒலியை அவ்வளவாக மாற்றாது. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதியைத்தான் மாற்றும். அன்பரின் பழைய பெட்டியில் புளூடூத் இல்லை. ஆனால் ஆக்ஸ் துளை உண்டு. ஒரு கம்பி போதும். பின் ஸ்பீக்கர்களோ முன்னால் இருப்பவர்க்குத் துணையொலிதான்; ஓடுகிற வரையில் ஓடட்டும். மேலும் சிறு காரின் பின்புறத்துத் தட்டு அட்டை போன்றது, கழற்றக்கூடியது. அதன்மேல் கனத்த நீள்வட்ட ஸ்பீக்கர்களை ஏற்றி வைப்பது நமக்குச் சிறிதும் உடன்பாடன்று. திடீரென்று பிரேக் போட்டால் அது யார் தலையில் வந்து விழும் என்று சொல்ல முடியாது.

சப்-ஊபர் வேண்டாமென்று நாம் சொன்னபோது மகனின் முகம் வாடிற்று. அவனுக்காக ஒன்று விளக்கினோம். வயது ஏற ஏற மனிதச் செவி முதலில் இழப்பது மேல் ஓசைகளை. ச, த, ப என்னும் மெய்யொலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. தாழ்ந்த முழக்கத்துக்கோ மேலுள்ள ஓசைகளை மூடிவிடும் குணம் உண்டு. சாலையின் உருளோசையும் தாழ்ந்த ஓசையே; அதனோடு சப்-ஊபரும் சேர்ந்தால் பாட்டிக்குக் கேட்பது முழக்கம் மட்டுமே, சொல்லன்று. பையன் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் எனக்கு என்ன கிடைக்கும்?" என்றான். நியாயமான கேள்வி. கதவை ஒழுங்கு செய்தாலே இருக்கும் அடியோசை வெளிப்படும் என்றோம். அவன் நம்பினதாகத் தெரியவில்லை.

பிறகு கரோல்பாக் சென்றோம். அது நம்மவர்க்குப் புதிய இடமன்று. தலைநகருக்கு உத்தியோகம் பார்க்க வந்த தமிழ்க் குடும்பங்கள் பல முதலிற் குடியேறிய பகுதிகளுள் ஒன்று. இன்று காருக்கு வேண்டிய துணைப்பொருள் விற்கும் கடைகள் அங்கே வரிசை வரிசையாக இருக்கின்றன. பெங்களூரில் உள்ளோர்க்கு ஜே.சி. சாலை, பம்பாயில் உள்ளோர்க்கு லாமிங்டன் சாலை, கல்கத்தாவில் உள்ளோர்க்குச் சாந்தினி சௌக் எனப் பெருநகர்தோறும் இத்தகைய தெரு உண்டு.

கடையில் முதலிற் காதில் விழுவது வாட் கணக்கு. "முந்நூறு வாட், சாகிப்!" என்று பெட்டியைத் தூக்கிக் காட்டுவார்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரு கணம் தாங்கும் உச்ச அளவு. அதன் கீழே சிற்றெழுத்தில் ஆர்.எம்.எஸ். என்று ஓர் எண் இருக்கும். தொடர்ந்து தாங்கும் உண்மை அளவு அதுவே. கார்ப்பெட்டியின் முகப்பிலும் '50 x 4' என்று பொறித்திருக்கக் காண்கிறோம். என்ஜின் ஓடும்போது காரில் இருக்கும் மின்னழுத்தம் 14 வோல்ட் அளவு. அதைக்கொண்டு அத்தகைய பெட்டி 4 ஓம் ஸ்பீக்கருக்குத் திரிபின்றித் தரக்கூடியது, பக்கத்துக்குச் சுமார் 15 முதல் 20 வாட்தான். அவ்வளவு சிறிய ஊற்றுக்கு முந்நூறு வாட் ஸ்பீக்கர் எதற்கு?

நாம் பார்க்கவேண்டிய எண் வேறு. உணர்திறன் என்று ஒன்று டெசிபெல்லில் எழுதியிருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எவ்வளவு ஒலி என்பது அதன் பொருள். இது 3 டெசிபெல் கூடினால், அதே ஒலிக்குப் பாதி மின்திறன் போதும். 89 எழுதியிருக்கும் ஸ்பீக்கர் 20 வாட் கேட்கும் இடத்தில் 92 எழுதியிருப்பது 10 வாட்டில் நிறைவு செய்யும். ஆம்ப்ளிபயர் வாங்காதவன் வாங்கவேண்டியது இரண்டாவதைத்தான். ஓம் கணக்கு 4 என்று இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். குறைந்த ஓம் உடையது பழைய பெட்டியைச் சூடாக்கும்.

ஆறரை அங்குல 'கோஆக்ஸியல்' ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ரூ. 2,700க்குத் தீர்ந்தது. பெரிய கூம்பின் நடுவிலேயே மேல் ஓசைக்கான சிறு ட்வீட்டர் அமைந்த வகை இது. ட்வீட்டர் தனியே வரும் 'காம்போனென்ட்' வகை உயர்ந்ததுதான். விலையும் பொருத்தும் வேலையும் கூடும். கதவின் கண்ணாடி கீழிறங்கும்போது காந்தத்தில் இடிக்காதிருக்க ஒரு வளையம், பழைய கம்பியை வெட்டாமல் மாட்ட ஒரு கப்ளர் ஆகியவற்றுக்கு ரூ. 450. கம்பியை வெட்டி முறுக்கி நாடா சுற்றும் வழக்கம் நம்மிடையே அதிகம். புதுக் காரில் அது உத்தரவாதத்தையே கெடுக்கும். பழைய காரில் என்றாவது தீயைக் கொண்டுவரும்.

கதவுக்கு ரூ. 1,600. கடைக்காரரே வியந்தார், "ஸ்பீக்கருக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் தகரத்துக்கா?" என்று. கதவுதான் ஸ்பீக்கரின் பெட்டி. வீட்டு ஸ்பீக்கர் கனத்த மரப்பெட்டியில் இருக்கிறது. காரின் ஸ்பீக்கரோ ஓட்டை பல கொண்ட மெல்லிய தகரத்தில் இருக்கிறது. முன்னே வரும் ஒலியைப் பின்னே வரும் ஒலி அந்த ஓட்டைகளின் வழியே வந்து அழித்துவிடுகிறது; போதாக்குறைக்குத் தகரமும் அதிர்கிறது. அலுமினியத் தாள் வேய்ந்த பியூட்டைல் ரப்பர் விரிப்பை உட்புறத் தகரத்தில் உருளைகொண்டு அழுத்தி ஒட்டி, ஓட்டைகளையும் மூடிவிட்டால் கதவு ஓரளவு பெட்டியாகிறது. ஒன்றை மறக்கலாகாது: கதவின் அடியில் மழைநீர் வடிவதற்கென்று துளைகள் இருக்கும். அவற்றை மூடினால் கதவே துருப்பிடிக்கும். விலை மலிவென்று தார் விரிப்பை வாங்குவோரும் உண்டு. ஜூன் மாதத்தில் 45 டிகிரி வெயிலில் நிற்கும் டில்லிக் காரில் அது இளகி வழிந்து நாற்றமெடுக்கும்.

பொருத்தும் கூலி ரூ. 700. வேலை நடக்கும்போது அருகிலேயே நின்றோம். அதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நாமும் ஆசைப்பட்டு ஆம்ப்ளிபயர் ஒன்று வைத்தோம். வைத்துக் கொடுத்த கடையின் பெயர் வேண்டா. பேட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பிக்குப் பேட்டரியின் அருகிலேயே, அரை மீட்டருக்குள், பியூஸ் போடவேண்டும். அவர்கள் அதை ஆம்ப்ளிபயரின் பக்கத்திற் போட்டிருந்தார்கள். கம்பி, என்ஜினுக்கும் நமக்கும் இடையிலுள்ள தகரத் துளையில் ரப்பர் வளையமின்றி உரசி உரசித் தோல் கழன்றது. ஒரு மாலை, வீட்டில் உள்ளோர் அனைவரும் காரில் இருக்கையில், கால் பக்கத்திலிருந்து புகை எழுந்தது. பியூஸ் அதற்கப்பால் இருந்ததால் அது அறுந்து நம்மைக் காக்கவில்லை. வழியில் லாரி நிறுத்தியிருந்த ஓர் ஓட்டுநர் ஓடி வந்து பேட்டரியின் இணைப்பைக் கழற்றினார். அன்பர்கள் பின்னொரு நாள் ஆம்ப்ளிபயர் வைப்பதானால் இவ்விரண்டையும், பியூஸ் இருக்கும் இடத்தையும் துளையில் ரப்பர் வளையத்தையும், தம் கண்ணாற் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டுகிறோம்.

ஸ்பீக்கரின் இரு முனைகளில் அகன்றது பெரும்பாலும் நேர்முனை. ஒரு கதவில் நேராகவும் மற்றதில் மாற்றியும் இணைத்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து அடியோசை மறைந்துபோகும். நம் மேற்பார்வையிலும் அப்படித்தான் நேர்ந்தது! பாட்டுப் போட்டதும் பையன், "பழசே தேவலை" என்றான். ஒலியை ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் அடியோசை கனக்கிறது, நடுவில் வைத்தால் மெலிகிறது. அதைக்கொண்டு பிழையைக் கண்டுபிடித்தோம். ஒரு கதவின் கம்பியை மாற்றிச் செருகியதும் பையனின் புருவம் உயர்ந்தது. கண்ணாடியை முழுதும் இறக்கி ஏற்றிப் பார்த்த பின்பே கதவின் மேலுறையை மூடச் சொன்னோம்.

ஆக மொத்தம் ரூ. 5,450. ஆக்ஸ் கம்பி வீட்டிலேயே கிடந்தது. பிரசார் பாரதியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியைக் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்தோம். அகில இந்திய வானொலியின் தமிழ் நிலையங்கள் யமுனைக் கரையிலும் கேட்கின்றன.

மறு ஞாயிறு பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து நாமும் மலை மந்திர் வரை சென்றோம். சொற்பொழிவு ஓடிற்று. ஆசிரமம் கடக்கும் வரை பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சத்தத்தைக் கொஞ்சம் குறைடா, நன்றாகவே கேட்கிறது" என்றார். பின்னிருக்கையில் சிறுமி, அந்தக் கதையில் அடுத்தது என்ன என்று கேட்டாள். சொற்பொழிவாளர் சொல்லுமுன் பாட்டி சொல்லிவிட்டார்.

அன்பர் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஐந்து டிக்கெட்டுகள் பதிவு செய்திருக்கிறார். மகன் மட்டும் இன்னும் முழுமையாக இணங்கவில்லை. இருக்கைக்கு அடியில் வைக்கும் சிறு சப்-ஊபரின் விலையை ஒரு தாளில் எழுதி, உண்டியலின்மேல் ஒட்டி வைத்திருக்கிறான். பியூஸ் எங்கே இருக்கவேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதியிருக்கிறான்.