ஓடாத வண்டியைக் காத்த வண்டி என்று சொல்லாதீர்கள்

பழைய மோட்டார் சைக்கிள் மீது உண்மையான பற்று உள்ளவர் அதை ஓட்டமாட்டார், துடைத்து மூடி வைப்பார் என்றொரு நம்பிக்கை நம்மிடம் வேரூன்றிக் கிடக்கிறது. பழைய வண்டிக் கண்காட்சி எதற்குப் போனாலும் இது கண்ணில் படும். கயிறு கட்டி நிறுத்தியிருப்பார்கள். குரோமில் முகம் தெரியும். டயரில் வார்ப்பின்போது நீட்டிக்கொண்டு வந்த ரப்பர் முள்கூடத் தேய்ந்திருக்காது. எத்தனை வருஷமாக ஓட்டவில்லை என்று கேட்டால் உரிமையாளர் பெருமையோடு பதில் சொல்வார், கேட்டவரும் மெச்சிக்கொள்வார். "மியூசியம் பீஸ் சார் இது" என்பதுதான் நம் ஊரில் ஒரு வண்டிக்குக் கிடைக்கிற மிக உயர்ந்த பாராட்டு.

இந்த நம்பிக்கை தவறு. எந்தப் பழைய வண்டிக்கும் தவறுதான். டிரையல்ஸ் வண்டிகளின் விஷயத்தில் அது வண்டியையே கொன்றுவிடுகிறது.

டிரையல்ஸ் என்பது வேகப் பந்தயம் இல்லை. பாறை, ஓடை, சேறு, வேர் படர்ந்த சரிவு என்று கடினமான இடமாகப் பார்த்து, இருபுறமும் எல்லை குறித்து ஒரு செக்‌ஷன் அமைப்பார்கள். ஒருவர் பின் ஒருவராகக் காலை ஊன்றாமல் அதைக் கடக்க வேண்டும். ஒருமுறை கால் தரையில் பட்டால் 1 புள்ளி, இரண்டு முறை பட்டால் 2, அதற்கு மேல் எத்தனை முறை பட்டாலும் 3. விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ 5. கடைசியில் குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர். செக்‌ஷனுக்குள் வண்டி போகிற வேகத்தில் பக்கத்தில் ஒருவர் நடந்தே வந்துவிடலாம். இந்த விளையாட்டின் தலையாய மேடை ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல். 1909இல் தொடங்கிய மரபு அது. மே மாதத்தில் ஃபோர்ட் வில்லியம் ஊரை மையமாக வைத்து, நாளுக்கு 30 செக்‌ஷன் வீதம் மலையும் சதுப்புமாக ஆறு நாள் ஓட்டுவார்கள். கல்லில் இடிபடவும் தண்ணீரில் முங்கவும் பிறந்த வண்டிகள் இவை. அவற்றுக்குக் கயிறு கட்டி வைப்பதை நான் மரியாதையாக நினைக்கவில்லை.

இது எங்கோ குளிர்நாட்டுச் சங்கதி, நமக்கென்ன என்று ஒதுக்கிவிட முடியாது. திருவொற்றியூர் ஆலையில் பல்லாண்டு உருவான புல்லட்டின் பூர்வீகம் டிரையல்ஸ்தான். பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த 350 சிசி புல்லட்டின் மாதிரி வண்டிகளை ராயல் என்ஃபீல்டு 1948இல் முதலில் இறக்கியது இங்கிலாந்தின் கோல்மோர் கோப்பை டிரையலில். பின்பக்கம் ஸ்பிரிங் இருந்தால் சக்கரம் பிடிப்பை இழக்கும், டிரையல்ஸுக்கு அது ஆகவே ஆகாது என்பது அன்றைய பொதுக்கருத்து. 1952இல் ஜானி பிரிட்டெய்ன் என்ற இளைஞர் புல்லட்டிலேயே போய் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையலை வென்றார். 1957இல் மறுபடியும் ராயல் என்ஃபீல்டிலேயே வென்றார். அன்று எல்லோரும் நம்பியதை வாதம் செய்து யாரும் மாற்றவில்லை; பாறை மேல் ஓட்டிக் காட்டித்தான் மாற்றினார்கள். அந்த வம்சத்து வண்டியைத்தான் வரவேற்பறையில் நிறுத்தி அழகு பார்க்கிறோம்.

நிறுத்தி வைத்த வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பட்டறையில் கை வைத்தவர்கள் அறிவார்கள். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் எந்த நிலையில் நின்றதோ அதைப் பொறுத்து ஒரு வால்வு திறந்தபடியே நிற்கக்கூடும். அதன் வழியே ஈரக்காற்று சிலிண்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மழைக்காலம் ஒன்று கழிந்தால் போதும், சிலிண்டர் சுவரில் துரு வளையம் கட்டிவிடும். கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாயின்டில் படலம் படிந்து தீப்பொறி சாகும். பழைய பிரிட்டிஷ் இன்ஜின்களில் ஆயில் தன் இடத்தில் நிற்காமல் பம்பின் வழியே மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். நீண்ட நாள் நின்ற புல்லட்டை ஸ்டார்ட் செய்ததும் ஏன் இப்படிப் புகை கக்குகிறது என்று கலங்குகிறவர்களுக்கு விடை இதுதான்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டியின் கதி இன்னும் மோசம். அதன் கிராங்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் சீல்கள் எண்ணெயில் நனைந்தபடி இருந்தால்தான் இளகி நிற்கும். ஓடாவிட்டால் காய்ந்து விறைக்கும். ஒரு பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகுந்து பெட்ரோல் கலவை மெலியும். மெலிந்த கலவையில் இன்ஜின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மறுபக்கத்து சீல் போனால் கியர்பாக்ஸ் ஆயிலையே குடித்துப் புகையாய் விடும். கார்புரேட்டரின் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, அதில் கலந்திருந்த எண்ணெய் மட்டும் பிசினாக உறைந்து, பைலட் ஜெட்டின் ஊசித் துளையை அடைத்துவிடும். இத்தனையும் வெளியே தெரியாது. வெளியே குரோம் பளபளத்துக்கொண்டே இருக்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு நிலைமை இன்னும் கடுமையாகிவிட்டது. புல்டாகோ, மொன்டேசா, ஓசா என்று ஸ்பெயின் நாட்டில் பிறந்த புகழ்பெற்ற டிரையல்ஸ் வண்டிகள் பலவற்றுக்கு ஃபைபர் டேங்க். அந்தக் காலத்து ஃபைபரின் பிசினை எத்தனால் இளக்கிக் கரைத்துவிடும். கரைந்தது கார்புரேட்டருக்குள் இறங்கி இன்ஜின் வரை போகும். பிரிட்டனில் 2021 முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால், நம் நாட்டில் இப்போது 20 விழுக்காடு. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துச் சேர்க்கும் என்பதால், டேங்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிற்கிற வண்டிதான் அதிக ஆபத்தில் இருக்கிறது. ஓட்டுகிறவர் ஓட்டம் முடிந்ததும் டேங்கை வடித்துவிடுவார், உட்பூச்சு பூசுவார், முடிந்தால் அலுமினிய டேங்காக மாற்றுவார். ஓட்டாதவருக்குப் பூச்சு குமிழியிட்டு உரிகிறபோதுதான் சேதி தெரியவரும்.

அலுமினிய டேங்க் என்று சொன்னதுமே "ஒரிஜினல் போய்விடுமே" என்ற எதிர்ப்பு எழும். ஆலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ, நட்டு போல்ட் உட்பட அப்படியே இருக்க வேண்டும் என்பது இந்த நம்பிக்கையின் இரண்டாவது தூண். டிரையல்ஸ் வரலாற்றைக் கொஞ்சம் அறிந்தவர்கூட இதை ஏற்க முடியாது. உலகின் ஆகப் புகழ்பெற்ற டிரையல்ஸ் வண்டி எது என்று கேட்டால் பலரும் சாம்மி மில்லர் ஓட்டிய 500 சிசி ஏரியலைத்தான் காட்டுவார்கள். ஜிஓவி 132 என்ற பதிவு எண்ணே அதன் பெயராக நிலைத்துவிட்டது. 1959 முதல் 1969 வரை தொடர்ந்து 11 ஆண்டுகள் பிரிட்டனின் டிரையல்ஸ் சாம்பியனாக இருந்தவர் மில்லர். அவர் அந்த ஏரியலை ஆலை கொடுத்தபடி வைத்துக்கொள்ளவே இல்லை. எடையைக் குறைத்துக்கொண்டே இருந்தார், கனத்த பாகங்களைக் கழற்றி இலகுவானதை மாட்டினார், வண்டியின் அமைப்பையே தன் ஓட்டத்துக்கு ஏற்பத் திருத்தினார். எந்த நாளைய ஜிஓவி 132 அதன் ஒரிஜினல்? இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. மாறிக்கொண்டே இருந்ததுதான் அந்த வண்டியின் வரலாறு.

அதே மில்லர் 1964இன் இறுதியில் பார்சிலோனா போய் புல்டாகோவுக்காக ஷெர்பா என்ற 244 சிசி இரண்டு ஸ்ட்ரோக் வண்டியைச் செதுக்கினார். 1964இல் ஏரியலில் வென்ற ஆறு நாள் டிரையலை 1965இல் அந்த ஷெர்பாவில் வென்றார். கனத்த பிரிட்டிஷ் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் அத்தோடு முடிந்தது. அந்த வண்டிகள் இன்று இரும்புக்கடைக்குப் போகாமல் உயிரோடு இருப்பதற்குக் காரணம் கண்காட்சிகள் அல்ல. 1965க்கு முற்பட்ட வண்டிகளுக்கென்றே தனிப் போட்டிகளை உண்டாக்கினார்கள். ஸ்காட்லாந்தின் கின்லாக்லெவன் ஊரில் ஆண்டுதோறும் ஏரியல், பிஎஸ்ஏ, டிரையம்ப் கப், வில்லியர்ஸ் இன்ஜின் பொருத்திய சிறு வண்டிகள் எல்லாம் பைப்லைன் போன்ற பேர்போன பாறைச் சரிவுகளில் ஏறுகின்றன. ஓடுவதால் அவற்றின் பாகங்கள் தேய்கின்றன. தேய்வதால் புதுப் பாகத்துக்குத் தேவை எழுகிறது. தேவை இருப்பதால் சிறு பட்டறைகள் பிஸ்டனும் சீலும் கிளட்ச் பிளேட்டும் இன்றும் செய்து விற்கின்றன. புல்டாகோ ஆலை 1980களிலேயே மூடிவிட்டது. ஆனாலும் ஷெர்பாவுக்கு உதிரிபாகம் கிடைக்கிறது. நாற்பது ஆண்டுகளாக யாரும் ஓட்டாமல் பூட்டி வைத்திருந்தால் யாருக்காகச் செய்திருப்பார்கள்?

ஓட்டுகிறவர்கள் பக்கத்திலும் ஒரு மிகை உண்டு. பழைய இன்ஜின் உறை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, சட்டகம், ஃபோர்க், ஹப், கார்புரேட்டர் அனைத்தையும் இந்தக் காலத்து உலோகத்தில் புதிதாகக் கடைந்து, 1965க்கு முந்தைய வண்டி என்று பதிவு செய்து கோப்பைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. அது புது வண்டி. பழைய பெயரைப் போட்டுக்கொண்டிருக்கிறது. பாயின்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தால் வண்டி இன்னும் நாற்பது ஆண்டு ஓடும், வைத்துக்கொள்ளட்டும். வண்டி தன் காலத்து எடையோடும் குணத்தோடும் பாறையில் ஏறுகிறதா என்பதே என் அளவுகோல்.

ஏனென்றால் அந்தக் குணத்தில்தான் ஓட்டும் வித்தை இருக்கிறது. பழைய ஏரியலின் ஹேண்டில்பாரில் இக்னிஷனை முன்பின் தள்ள ஒரு சிறு நெம்பு உண்டு. செக்‌ஷனுக்குள் நுழையும்முன் அதைப் பின்னுக்குத் தள்ளினால் இன்ஜின் எண்ணி எண்ணி அடித்துக்கொண்டு, கனத்த ஃப்ளைவீலின் உந்தலில், அணையாமல் நடைவேகத்தில் ஏறும். எந்த இடத்தில் எவ்வளவு தள்ளுவது என்பதை எந்தப் புத்தகமும் முழுதாகச் சொல்லித் தராது. விரல் கற்றுக்கொள்ள வேண்டும். விரலிலிருந்து விரலுக்குத்தான் அது போகும். வண்டியை மூடி வைத்தால் உலோகம் ஒருவேளை மிஞ்சலாம், வித்தை ஒரு தலைமுறையில் மறைந்துவிடும். பல்லாண்டு ஓடாமல் நின்ற தேரைக் காக்கப்பட்ட தேர் என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. வடம் பிடிக்கவும் முட்டுக்கட்டை போடவும் தெரிந்தவர்கள் இருக்கும்வரைதான் அது தேர்.

இன்றைய டிரையல்ஸ் வண்டிகளுக்கும் இதே விதிதான். 70 கிலோவை ஒட்டிய எடை, உட்காரச் சீட்டே இல்லாத உடல், ஒற்றை விரலால் பிடிக்கிற ஹைட்ராலிக் கிளட்ச். புல்லட்டின் பின் டயருக்கு 30 பிஎஸ்ஐக்கு அருகே காற்றடிக்கிறோம். டிரையல்ஸ் வண்டியின் பின் டயரில் 4 அல்லது 5தான். மெத்தென்ற டயர் கல்லைக் கவ்விக்கொண்டு ஏற வேண்டும் என்பதற்காக. 2007 முதல் முப்பதுக்கும் மேற்பட்ட உலகப் பட்டங்களை வென்றிருக்கிற டோனி போவ் ஓட்டுவது இவ்வகை வண்டியைத்தான். புது வண்டிக்குப் பராமரிப்பே வேண்டாம், பழசுக்குத்தான் தொல்லை என்று பலர் பேசுவது அறியாமை. புதியது இன்னும் கண்டிப்பானது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஏர் ஃபில்டரைக் கழுவி உலர்த்தி எண்ணெய் தோய்க்க வேண்டும். ஓடையில் முங்கியதென்றால் சஸ்பென்ஷன் இணைப்புகளின் பேரிங்குகளைக் கழற்றி கிரீஸ் வைக்க வேண்டும். ஸ்போக்குகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். இத்தனையையும் செய்கிறவர் அடுத்த ஞாயிறு மறுபடி ஓட்டப்போகிறவர் மட்டுமே. ஓட்டும் எண்ணம் இல்லாதவருக்குக் கழற்றிப் பார்க்கும் அவசியமே எழாது.

உலகில் ஒன்றே ஒன்று மிஞ்சிய வண்டியையும் பாறையில் விட வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். அப்படிப்பட்டவை மிகச் சில, அவற்றுக்கு அருங்காட்சியகம் பொருத்தமான இடம்தான். ஆனால் இங்கிலாந்தின் நியூ மில்டனில் சாம்மி மில்லர் நடத்திவரும் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். ஜிஓவி 132 இருப்பது அங்கேதான். வண்டிகளை ஓடும் நிலையில் வைத்திருப்பதே அந்த இடத்தின் பெருமை. அருங்காட்சியகமே ஓடும் நிலையைக் கேட்கிறபோது, ஆயிரக்கணக்கில் தயாரான வண்டி ஒன்றை வீட்டில் சிலையாக்குவதற்கு என்ன நியாயம்? ஓட்டினால் விலை குறையும் என்பார்கள். முதலீடு என்று வாங்கியவருக்கு அந்தக் கவலை இருக்கட்டும். ஆனால் அவர் தன்னை வண்டிப் பிரியர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. விழுந்தால் நசுங்குமே என்பார்கள். நடைவேகத்தில் விழுகிற வண்டியில் பெரும்பாலும் வளைவது ஒரு லீவர், நசுங்குவது ஒரு மட்கார்டு. இரண்டையும் தட்டி நிமிர்த்தப் பட்டறைகள் இருக்கின்றன. அந்தப் பட்டறைகளும் நீங்கள் ஓட்டினால்தான் பிழைக்கும்.

உங்கள் வீட்டில் உறை போர்த்திய பழைய வண்டி நிற்கிறதென்றால், புல்லட்டோ ஜாவாவோ ராஜ்தூத்தோ எதுவானாலும், இந்த வாரமே உறையை எடுங்கள். டேங்கிலுள்ள பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி பைலட் ஜெட்டைச் சுத்தம் செய்யுங்கள். ஆயிலை மாற்றுங்கள், கிளட்ச் விடுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். விறைத்த டயரில் ஏறாதீர்கள், புதிது மாட்டுங்கள். நான்கு ஸ்ட்ரோக் வண்டி என்றால், ஸ்டார்ட் செய்யும் முன் ப்ளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரை மெதுவாகப் பல முறை மிதித்து ஆயிலை மேலே ஏற விடுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஓட்டுங்கள். வீட்டில் ஓட்ட ஆசைப்படும் பிள்ளை இருந்தால், உரிமம் எடுக்கும் வயதும் வந்திருந்தால், சாவியை அந்தப் பிள்ளையின் கையிலும் கொடுங்கள்.