எமது பிள்ளைகள் மலையேறப் போகலாமா?

சென்ற வெங்காயப் போகம் முடிந்த கையோடு எமது பகுதி இளைஞர் குழுவொன்று பெற்றோரை அழைத்து ஒரு கூட்டம் வைத்தது. சிரமதானம், விளையாட்டுப் போட்டி, கிணறு இறைத்தல் என்று வழக்கமான விடயங்களாகத்தான் இருக்கும் என எண்ணிப் போனோம். பிள்ளைகளோ பாடசாலைத் தேசப்படம் ஒன்றை மேசையில் விரித்து வைத்திருந்தார்கள். இந்தியாவின் வடக்கே டார்ஜிலிங் மலைப் பகுதிக்குப் போய், சந்தக்பூ என்னும் முகட்டுக்கு நடந்தே ஏறப் போகிறார்களாம். பன்னிரண்டு பேர். அவர்களில் ஐவர் பெண்பிள்ளைகள்.

கூட்டம் சற்று நேரம் பேச்சற்றுப் போயிற்று. பின்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "தம்பி, தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில இருந்து வள்ளத்தில வெளிக்கிட்டதுதான் எங்கட பெரிய பயணம். அதுக்குப் பிறகு ஒரு பயணமும் வேணாம் எண்டுதான் இருக்கிறன். நீங்க காசு குடுத்து மலையேறப் போறீங்களோ?" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அன்று அவருக்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பின்னரும் அக்கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. பிள்ளைகள் போகட்டும் என்பதே எனது கருத்து. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு, 'துணிவே துணை' என்று மேடைப் பேச்சுப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்க் கரையிலிருந்து வள்ளங்களில் வந்தோர் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். தென்னந்தோப்புகளில் கிடுகுக் கொட்டில் போட்டு, பிறர் தோட்டத்தில் கூலிக்கு மிளகாய் பிடுங்கி, பின் குத்தகைக்குக் காணி எடுத்து இந்த மணலில் வெங்காயம் விளைவிக்கக் கற்றுக்கொண்டார்கள். போர் முடிந்த 2009 க்குப் பின் சிலர் திரும்பினார்கள், சிலர் இங்கும் அங்குமாக வாழ்கிறார்கள். அதற்கிடையில் நுரைச்சோலையின் சொந்தக் குடிகளில் ஒரு பகுதியினருக்கும் வேறு விதத்தில் அதே கதை வந்தது. நிலக்கரி மின்நிலையத்துக்காகக் காணி எடுக்கப்பட்டு, தோட்டம் செய்தவர்கள் வேறிடம் போனார்கள். 2011 இல் முதலாவது அலகும் 2014 இல் மற்ற இரண்டும் இயங்கத் தொடங்கி, இன்று 900 மெகாவாற் மின்சாரம் தரும் அந்த நிலையத்தின் புகைபோக்கிதான் எமது பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும் மிக உயர்ந்த பொருள். மலை என்று சொல்ல இங்கே மணல் மேடுதான் உண்டு.

எமக்குப் பயணம் புதிதல்ல. எமது பயணங்களில் இல்லாதது ஒன்றுதான்: திரும்பி வரும் திகதி. எடுத்து வந்த பையில் என்ன இருந்தது என்பதை முப்பது வருடங்களுக்குப் பிறகும் தாய்மார் சொல்வார்கள். 'வெளிநாடு' என்றாலும் எமது ஊர்களில் உல்லாசப் பயணம் நினைவுக்கு வருவதில்லை. மத்திய கிழக்கில் வீட்டு வேலை, நகை அடகு, முகவருக்குக் கொடுத்த முற்பணம், 2012 இல் இந்தக் கரையோரங்களிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட படகுகள் என்பவைதான் நினைவுக்கு வரும். ஆகவே பிள்ளை கடவுச்சீட்டு எடுக்கப் போகிறான் என்றதும் தாயின் வயிறு கலங்குவது இயல்பு. பன்னிரண்டு நாளில் திரும்பிவரும் திகதியைத் தானே குறித்துக்கொண்டு, தன் விருப்பத்தோடு புறப்படும் பயணம் எப்படியிருக்கும் என்பது எம் குடும்பங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் முதல் தலைமுறை இவர்களாக இருக்கட்டுமே!

'ஏழைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?' என்போருக்கு ஒரு செய்தி. 2014 மே 25 ஆம் திகதி எவரெஸ்ட் சிகரத்தில் இரு மாணவர்கள் நின்றார்கள். ஒருவர் நிசாமாபாத் மாவட்டத்துப் பாக்கால என்ற கிராமத்தைச் சேர்ந்த மாலாவத் பூர்ணா. பெற்றோர் விவசாயக் கூலிகள், பழங்குடியினர். மற்றவர் கம்மம் மாவட்டத்து ஆனந்த் குமார். இருவரும் ஒடுக்கப்பட்டோருக்கான அரச விடுதிப் பாடசாலைகளில் படித்தவர்கள். அப்பாடசாலைகளின் பொறுப்பிலிருந்த பிரவீண் குமார் என்ற பொலிஸ் அதிகாரி, பணக்காரப் பிள்ளைகள் செய்வதை எமது பிள்ளைகளும் செய்வார்கள் என்று முடிவெடுத்தார். ஐதராபாத்துக்குக் கிட்டிய போன்கிர் என்னும் ஒற்றைப் பாறையில் ஏறப் பழக்கினார்கள். தேறியவர்களை டார்ஜிலிங்கிலுள்ள இமாலய மலையேற்ற நிலையத்துக்கு அனுப்பினார்கள். பின் லடாக்கின் கடுங்குளிரில் பயிற்சி. வந்தவர்கள் குறைந்து குறைந்து, கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர்.

அன்று பூர்ணாவுக்குப் பதினான்கு வயது நிறையவில்லை. சிகரம் தொட்ட பெண்களில் அவ்வளவு இளையவர் அதற்கு முன் இல்லை. 2022 ஜூனில் அலாஸ்காவின் டெனாலி மலையையும் ஏறி, ஏழு கண்டங்களின் உயர்ந்த சிகரங்களையும் முடித்துவிட்டார். அவரைப் பற்றிச் சினிமாப் படமும் 2017 இல் வந்தது.

இதைப் பாராட்டி எழுதியவர்கள் பலர். எனக்கு இதில் ஒரு பகுதி பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களை நேபாளம் தன் பக்கத்தால் எவரெஸ்ட் ஏற விடுவதில்லை என்பதால், அந்தப் பிள்ளையைத் திபெத் பக்கத்தால் அனுப்பினார்கள். வழியில் உறைந்து கிடந்த சடலங்களைக் கண்டதாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். பதின்மூன்று வயதுப் பிள்ளையை அந்த உயரத்துக்கு அனுப்பும் உரிமை பெற்ற தாய் தகப்பனுக்கே இருக்கிறதா என்பது சந்தேகம். அதிகாரிக்கு எப்படி இருக்கும்? பாறையில் பழக்கியது நல்லது. டார்ஜிலிங்குக்கு அனுப்பியது மிக நல்லது. அங்கேயே நின்றிருந்தாலும் நூறு வீடுகளில் விளக்கெரிந்திருக்கும். ஆனால் பத்திரிகைக்குச் சிகரம்தானே வேண்டும்.

அதே ஆண்டு ஏப்ரல் 18 ஆம் திகதி, எவரெஸ்டின் நேபாளப் பக்கத்தில் பனிப்பாறைகள் சரிந்து விழுந்ததில் 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். வெளிநாட்டார் ஏறுவதற்காகக் கயிறும் ஏணியும் உணவும் சுமந்து போனவர்கள். இறுதிச் சடங்குக்கென்று அரசாங்கம் முதலில் அறிவித்த தொகை, குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபா. நிவாரண வரிசையில் நின்ற எமக்கு அந்தக் கணக்கு விளங்கும். ஆனால் சேர்ப்பாக்கள் அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கவில்லை. அந்தப் பருவம் முழுவதும் அப்பக்கத்தால் ஏறுவதில்லை என்று நின்றார்கள். காப்புறுதித் தொகையும் பின்னர் கூட்டப்பட்டது. இவர்களும் விவசாயிகள்தான். எவரெஸ்ட் அடிவாரத்துக் கும்பு பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கு விளைவித்துச் சாப்பிட்ட சனம். கற்பிட்டி மணலில் உருளைக்கிழங்கு நடுகிற எமது பிள்ளைகள் மலைக்குப் போனால், முகட்டைப் பார்ப்பதோடு மூட்டை சுமப்பவனையும் பார்த்து, அவன் காணி எவ்வளவு, தண்ணீர் எப்படி, கூலி என்ன என்று கேட்டுவர வேண்டும். வேறு உல்லாசப் பயணிகள் கேட்காத கேள்விகள் இவர்களுக்குத்தான் வாயில் வரும்.

எமது நாட்டிலும் முன்மாதிரி உண்டு. 2016 மே 21 ஆம் திகதி எவரெஸ்ட் ஏறிய முதலாவது இலங்கையர் ஜயந்தி குரு-உதும்பால என்ற பெண். அவர் 2003 இலேயே அதே டார்ஜிலிங் நிலையத்தில் மலையேற்றம் பழகியவர். பழகியதற்கும் ஏறியதற்கும் இடையில் பதின்மூன்று வருடங்கள்! அவரோடு சேர்ந்து போன யொஹான் பீரிஸ், உச்சிக்கு நானூறு மீற்றர் அளவு இருக்கையில், ஒட்சிசன் போதாமல் இறங்கிவிட்டார். இறங்கியதால் உயிரோடு இருந்தார், இரண்டு வருடம் கழித்து 2018 மே 22 இல் ஏறி முடித்தார். எமது இளைஞர் குழுவில் யாருக்காவது எதையும் மனப்பாடமாக்கச் சொல்வதென்றால் அந்த நானூறு மீற்றரைத்தான் சொல்வேன்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு மலை ஒத்துவராது என்றும் ஒருவர் கூட்டத்தில் சொன்னார். சென்னைக்குத் தெற்கே கோவளம் மீனவக் கிராமத்தைச் சேர்ந்த ராஜசேகர் பச்சை என்ற இளைஞர் 2023 மே 19 இல் எவரெஸ்ட் ஏறினார். நாலு நாள் கழித்து, விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி ஏறினார். இரு பிள்ளைகளின் தாய். உப்புக்காற்றில் வளர்ந்த நெஞ்சுக்கும் மலைக்காற்று பழகும். பழக நாள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எமது பிள்ளைகள் கேட்பது எவரெஸ்டும் அல்ல. சந்தக்பூவின் உயரம் 3,636 மீற்றர். எமது பீதுருதாலகாலை 2,524, சிவனொளிபாதமலை 2,243. அவற்றைவிட உயரம்தான், ஆனால் கயிறோ கோடரியோ வேண்டாம், நான்கைந்து நாள் நடை. இந்திய-நேபாள எல்லை முகட்டால் பாதை போகிறது. ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே. இரவில் தங்க வழிநெடுகச் சிறு விடுதிகள் உண்டு. சோறும் பருப்பும் முட்டையும் கிடைக்கும் என்பதால் எம் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் உணவில் சங்கடம் இல்லை. உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிப்போவது அங்கே கட்டாயம். வானம் தெளிந்த காலையில் உச்சியிலிருந்து கஞ்சன்ஜங்காவையும் தூரத்தில் எவரெஸ்டையும் காணலாம்.

ஆபத்து இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்த உயரத்தில் காற்று இங்கிருப்பதில் மூன்றில் இரண்டு பங்களவுதான் இருக்கும். மூவாயிரம் மீற்றருக்கு மேல் போனால், முந்திய இரவு படுத்த இடத்தைவிட ஐந்நூறு மீற்றருக்கு மேல் உயரத்தில் மறு இரவு படுக்கக்கூடாது என்பது மலையேறுவோரின் பொது விதி. தலையிடி, வாந்தி, தூக்கமின்மை வந்தால் மேலே போகக்கூடாது. குறையவில்லையென்றால், அல்லது நடை தள்ளாடினால், மூச்சு வாங்கினால், இரவென்றாலும் இறங்க வேண்டும். கெட்டிக்காரத்தனம் காட்டுகிறவனுக்குத்தான் அங்கே முதலில் கேடு. தோட்டத்தில் மருந்தடிக்கும்போது மூக்கைக் கட்டச் சொன்னால் சிரிக்கிற பையன்கள் சிலர் அந்தப் பன்னிரண்டு பேரில் இருக்கிறார்கள். அவர்கள் திருந்தும் மட்டும் பெயரை நிறுத்தி வைக்கலாம்.

பெண்பிள்ளைகள் பற்றி. கூட்டத்தில் ஆண்கள் பேசியதில் பாதி இதுதான். தாய்மார் அதிகம் பேசவில்லை. மத்திய கிழக்குக்குத் தனியாக, முன்பின் தெரியாத வீட்டுக்கு மகளை அனுப்பச் சம்மதித்த ஊர் நாம். பதினொரு தோழர்களோடும், கூட வரும் இரண்டு பெண் ஆசிரியைகளோடும் பன்னிரண்டு நாள் போய்வரச் சம்மதிக்க மாட்டோம் என்றால், எமது அச்சம் பாதுகாப்புப் பற்றியதா, வேறெதையும் பற்றியதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இதை எழுதுகையில் என்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். முதலில் என் வாயிலும் 'பொடியன்கள் மட்டும் போகட்டுமே' என்ற வார்த்தை வந்தது.

பணத்தைப் பொறுத்தவரை எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. நிவாரணத்துக்கோ வீட்டுக்கோ வந்த பணத்தில் ஒரு சதமும் இதற்குப் போகக்கூடாது. நகை அடகு வேண்டாம், வட்டிக்கு வாங்கலும் வேண்டாம். பிள்ளைகள் கால் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துத் தாங்களே வெங்காயம் நடுவதாகச் சொல்கிறார்கள். நடட்டும். விலை விழுந்தால் பயணம் அடுத்த வருடம். விமானத்துக்கு முடியாவிட்டால், 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கிய காங்கேசன்துறை-நாகபட்டினம் கப்பலில் போய், அங்கிருந்து ரயிலில் நாட்கணக்கில் போகலாம். வயதுக்கு அது ஒரு கஷ்டமல்ல. அதற்கு முன் மூன்று முறையாவது எமது மலைகளில் சுமையோடு ஏறிக் காட்ட வேண்டும்; உரமூட்டை சுமந்து மணலில் நடக்கிற கால்களுக்கு அது முடியும்.

கூட்டம் முடிவெதுவும் இல்லாமல்தான் கலைந்தது. அடுத்தது மிளகாய்க் கன்று நட்ட பிறகு. வெளியே வரும்போது அந்தப் பெரியவரின் மனைவி, ஐவரில் ஒருத்தியான பேத்தியின் கையைப் பிடித்து நிறுத்தி மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. "அங்க பனி பெய்யுமாமே மகள்? கம்பளிச் சட்டை எங்க வாங்குற?"