இட்லிப் பானையும் 540 கலோரியும்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சிப்காட் பக்கம் காற்று ஒரு மாதிரி வீசினால் ஷட்டரை இறக்குவார்கள், மூக்கைப் பொத்துவார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நானும் பொத்தினேன். பக்கத்தில் அக்கா பையன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்தவன். இப்போது நீராவியை ஊதித் தள்ளும் 'புளோயர்' டிசைன் பண்ணுகிறானாம்.

"ஆவியை ஊத ஒரு இன்ஜினீயரா? உங்க அத்தை தினமும் இட்லிப் பானையைத் திறந்து ஊதறாளே!" என்றேன்.

"அங்கதான் மாமா நஷ்டம். ஒரு கிலோ தண்ணி கொதிக்க 70 கிலோ கலோரி போதும். ஆவியாக இன்னும் 540 வேணும். மூடியைத் திறந்தா அவ்வளவும் உத்தரத்துக்குப் போயிடுது."

வீட்டுக்காரியைக் குறை சொல்ல ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். வெளியேறும் ஆவியைப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் கூட்டினால் அது 108 டிகிரியிலேயே தண்ணீராகிவிடும். அப்போது, பக்கத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீருக்கு அந்த 540-ஐத் திருப்பிக் கொடுக்கும். ஆரம்பித்து வைத்தபின் பாய்லருக்கு அதிக வேலையில்லை. மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால் போதும்.

"டேபிள் ஃபேன் போதாதா?"

"நீராவி காத்தைவிட லேசு மாமா. காத்து 29ன்னா இது 18. மெதுவா சுத்தினா அழுத்தமே ஏறாது. கிலோவுக்கு 1,670 லிட்டர் இடம் வேற அடைக்கும். நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுத்து சுத்தணும். அந்த வேகத்துல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் இறக்கைக்குத் துப்பாக்கிக் குண்டுதான்!"

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கும். இன்று அங்கே கழிவைக் காய்ச்சித் தண்ணீரைத் திரும்ப எடுக்கிறார்கள். அந்த வேலையில் இந்தப் புளோயருக்கும் பங்கு உண்டு.

"காய்ச்சற செலவு அதிகமானா, ராத்திரியில ஆத்துல திறந்து விடற ஆசை வரும் மாமா. செலவைக் குறைச்சா ஆசையும் குறையும்" என்றான்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். நான் உப்பனாற்றில் குளித்து வளர்ந்தவன். அவன் ஒரு நாளும் குளித்ததில்லை.

வீட்டுக்கு வந்து சகதர்மிணிக்கு 540 கலோரி பாடம் நடத்தினேன். "அப்ப நீங்களே மூடியைத் திறந்து இட்லியை எடுங்க" என்றாள். எடுத்தேன்.

ஆவி தண்ணீராகும்போது சூட்டைத் திருப்பிக் கொடுக்கும் என்று பையன் சொன்னது சத்தியம். கையில் பர்னால் தடவிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்!