சங்கத்தை மாற்றினால் தீர்ப்பு மாறுமா?

2005இல் யூஎஸ் எயார்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தன. விமானிகளில் யாருக்கு எந்த விமானம், ஆட்குறைப்பில் முதலில் வெளியேறுவது யார் என்பதைச் சேவைமூப்புப் பட்டியலே தீர்மானிக்கும். 2007இல் நடுத்தீர்ப்பாளர் ஜோர்ஜ் நிக்கலாவ் வழங்கிய பட்டியல், பெரும்பான்மையான யூஎஸ் எயார்வேஸ் விமானிகளுக்குக் கசந்தது. வேலையில் சேர்ந்த திகதிப்படியே வரிசை வேண்டும் என்றனர். 2008 வாக்கெடுப்பில் 'அல்பா' சங்கம் தோற்று, 'யுசாபா' எனும் புதிய சங்கம் 2,723க்கு 2,254 என வென்றது.

பலன்? வழக்குகள் நீண்டன, ஆண்டுக்கணக்கில் பொது ஒப்பந்தம் கிட்டவில்லை. அமெரிக்கன் எயார்லைன்ஸுடன் இணைந்தபின், 2014இல் யுசாபாவும் பிரதிநிதித்துவத்தை இழந்தது.

சங்கத்தைத் தெரிவுசெய்வது தொழிலாளர் உரிமை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், நடுத்தீர்ப்பை எண்ணிக்கைப் பலத்தால் ஒதுக்கும் சங்கம், அதிலுள்ள சிறுபான்மையினருக்கு யாருடைய சங்கம்? சிறுபான்மையாக வாழும் நமக்கு இக்கேள்வி புதிதல்ல.